புவியியல் வகுப்புக்குத் திரைப்படமா, செய்தியா?

ஆப்பிரிக்க நாடான மலாவியின் பஞ்சத்தைப் பாடமாக்க, 2019இல் வந்த ‘தி பாய் ஹூ ஹார்னஸ்டு தி விண்ட்’ படம் அருமையான துணை. காடழிப்பு, வெள்ளம், வறட்சி எல்லாம் ஒரு குடும்பத்தின் வழியே மனத்தில் பதியும். ஆனால் முழுப்படத்துக்குப் பாடவேளை போதாது. தேர்ந்த காட்சிகளே சாத்தியம்.

நேரம் குறைவென்றால் நான் செய்தியையே எடுப்பேன். 2021 மார்ச் 23 அன்று, 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கி, ஆறு நாள் வழியை அடைத்தது. அட்லஸைத் திறந்து, “இனி மும்பையிலிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்கு எப்படிப் போவது?” என்று கேளுங்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லும் நன்னம்பிக்கை முனை வழியைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பிறகு நூலை வைத்து இரு வழிகளையும் அளக்கட்டும். அட்லஸின் அளவுகோலைக் கொண்டு கிலோமீட்டராக மாற்றட்டும். கூடுதல் எரிபொருள் செலவு யார் தலையில் விழும் என்ற விவாதம் தானாகவே கிளம்பும்.