'வரமாட்டேன்', 'வரப்போவதில்லை', 'வரலை': ஆங்கிலத்தில் எதைப் போடுவது?

வேலையில் சேர்ந்த புதிதில் மேலாளருக்கு 'ஐ வோன்ட் கம் டுமாரோ' என்று ஒற்றை வரியில் மெயில் தட்டிவிட்டேன். தங்கை நிச்சயதார்த்தம், விடுப்பு ஏற்கெனவே வாங்கியாயிற்று, சும்மா ஒரு நினைவூட்டல்தான். இங்கிலாந்துக்காரரான அவரிடமிருந்து 'ஏதாவது பிரச்சினையா?' என்று பதில் வந்தது. நான் சொல்ல நினைத்தது 'நாளைக்கு வரலைங்க'. அவருக்குக் கேட்டதோ 'வரமாட்டேன், போ'.

இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 'வில்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'விரும்பு' என்றுதான் பொருள். எதிர்காலத்தைக் காட்டும் வேலை பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. நேர்மறையில் அந்தப் பழைய வாசனை அவ்வளவாக வீசாது, எதிர்மறையில் 'வோன்ட்' என்றதும் 'விருப்பமில்லை, மறுக்கிறேன்' என்ற நெடி சட்டென்று ஏறிவிடும். 'த கார் வோன்ட் ஸ்டார்ட்' என்கிறார்களே, அதில் எதிர்காலமே கிடையாது, இப்போது நடப்பதைச் சொல்கிறார்கள். நாமும் 'வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது' என்று உயிரில்லாத வண்டிக்கு 'மாட்டேன்' போட்டு அதன் பிடிவாதத்தைத் திட்டுகிறோம், அதே சங்கதிதான்.

அரசியல்வாதிகளுக்கு இந்த நெடி வசதி. 1984 ஜூலையில் அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அதன் அதிபர் வேட்பாளர் வால்டர் மாண்டேல், அப்போதைய அதிபர் ரீகனும் வரியை உயர்த்துவார், நானும் உயர்த்துவேன் என்று சொல்லிவிட்டு, 'ஹி வோன்ட் டெல் யூ. ஐ ஜஸ்ட் டிட்' என்றார். அவர் சொல்ல மாட்டார், நான் சொல்லிவிட்டேன். அங்கே 'ஹி வோன்ட் பீ டெல்லிங் யூ' என்று போட்டிருந்தால் ஏதோ நிகழ்ச்சி நிரலில் மாற்றம் மாதிரி இருந்திருக்கும், குத்தல் போயிருக்கும். (அந்த நேர்மைக்குக் கிடைத்த பரிசு, 50 மாநிலங்களில் 49-இல் தோல்வி. அது வேறு கதை.)

நமக்கோ விடுப்பு மெயிலில் குத்தல் வேண்டாம். அதனால் என் ஓட்டு 'ஐ வோன்ட் பீ கமிங் இன் டுமாரோ'வுக்குத்தான். 'பீ கமிங்' என்றதும் மறுப்பு கரைந்து, ஏற்கெனவே முடிவான ஏற்பாடு என்ற தொனி வந்துவிடுகிறது, நம் 'வரலை' மாதிரி. கூடவே அந்தச் சின்ன 'இன்' வந்தால்தான் ஆபீசுக்கு வருவது என்று ஆகும்.

'நாட் கோயிங் டு' இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள். 'ஐ ஆம் நாட் கோயிங் டு கம்' என்றால் 'வரப்போவதில்லை', யோசித்து முடிவெடுத்தாயிற்று. வானத்தைப் பார்த்துவிட்டு 'இட்ஸ் நாட் கோயிங் டு ரெய்ன்' என்று சொல்லவும் இதுதான் பொருத்தம், கண்ணெதிரே ஆதாரம் இருக்கிறதே. ஆனால் 'நாட்'டை அழுத்திச் சொன்னால் 'வோன்ட்'டைவிடக் கோபமாகக் கேட்கும், மேலாளரிடம் ஜாக்கிரதை.

'ஷால் நாட்' சுருங்கி வந்த 'ஷான்ட்' பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. தன்மைக்கு 'ஷால்' வெறும் முன்னறிவிப்பு, 'வில்' வாக்குறுதி அல்லது மிரட்டல் என்று 1653-இல் ஆங்கில இலக்கணம் எழுதிய ஜான் வாலிஸ் எழுதிவைத்தார், பள்ளிக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கின. இன்று அமெரிக்காவில் 'ஷான்ட்' காதில் விழுவதே அபூர்வம். 1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் 'வி ஷால் நெவர் சரண்டர்' என்றது கம்பீரம்தான், 'வி வோன்ட் எவர் சரண்டர்' என்றிருந்தால் சவசவ என்று போயிருக்கும். ஆனால் விடுப்பு மெயிலுக்கு அந்தக் கம்பீரம் எதற்கு?

சரி, வினையைத் தேர்ந்தெடுத்தாயிற்று. நம்மில் பலர் இதற்கு அப்புறம்தான் சறுக்குகிறோம், பக்கத்தில் வந்து உட்கார்கிற வினையடையில். 'வில் நாட்' என்று பிரித்து எழுதினால் 'ப்ராபப்ளி' நடுவே உட்காரும்: 'ஐ வில் ப்ராபப்ளி நாட் கம்'. சுருக்கி 'வோன்ட்' ஆக்கிவிட்டால் நடுவில் இடமில்லை, அது முன்னால் போய்விட வேண்டும்: 'ஐ ப்ராபப்ளி வோன்ட் கம்'. 'ஐ வோன்ட் ப்ராபப்ளி கம்' என்றாலும் புரியும், ஆனால் சாப்பாட்டில் கல் மாதிரி நெருடும். 'டெஃபினிட்லி'யில் நெருடலோடு நிற்காது, பொருளே கெடும். 'ஐ டெஃபினிட்லி வோன்ட் கம்' என்றால் நிச்சயம் வரமாட்டேன், இடம் மாற்றி 'ஐ வோன்ட் டெஃபினிட்லி கம்' என்றால் நிச்சயமாக வருவேன் என்று சொல்ல முடியாது என்கிற மாதிரி ஆகிவிடும்.

எனக்குப் பிடித்த ஜோடி 'ஸ்டில்'தான். எட்டு மணிக்கு 'ஹி ஸ்டில் வோன்ட் பீ ஹியர்' என்றால் எட்டு மணிக்கும் மனுஷன் வந்து சேர்ந்திருக்க மாட்டார். 'ஹி வோன்ட் ஸ்டில் பீ ஹியர்' என்றால் அவர் இப்போது இங்கேதான் இருக்கிறார், எட்டு மணிக்குள் கிளம்பிவிடுவார். ஒரே ஒரு சொல் இடம் மாறியதில் வராதவர், வந்துவிட்டுப் போனவர் ஆகிவிட்டார்! 'ஜஸ்ட்' கிட்டத்தட்ட இதே ரகம். மூடி 'ஜஸ்ட் வோன்ட் ஓப்பன்' என்றால் என்ன திருகினாலும் திறக்க மாட்டேங்குது, 'வோன்ட் ஜஸ்ட் ஓப்பன்' என்றால் சும்மா திறந்துவிடாது, ஏதாவது செய்தாக வேண்டும்.

'ஃபார்', 'இன்' போன்ற முன்னிடைச் சொற்கள் இன்னும் மோசம், ஏனென்றால் நாம் அந்த வேலையை வேற்றுமை உருபையும் 'வரை', 'உள்', 'கழித்து' எல்லாவற்றையும் வைத்துப் பின்னால் ஒட்டிச் சமாளிப்பவர்கள். 'இட் வோன்ட் பீ ரெடி ஃபார் டூ டேஸ்' என்றால் இரண்டு நாள் ஆகும், அப்புறம் கிடைத்துவிடும். 'ஃபார்' போய் 'இன்' வந்தால் இரண்டு நாளில் கிடைக்காது என்பது மட்டும் உறுதி, எப்போது கிடைக்கும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. 'அட் நோ டைம்', 'இன் நோ டைம்' இன்னொரு கண்ணி. முன்னது 'ஒருபோதும் இல்லை', அதனால் 'அட் நோ டைம் வில் ஹி கம்' என்று வினை முந்திக்கொண்டு வரும். பின்னது 'இதோ, ஒரு நொடியில்'. அதில் 'நோ' இருந்தும் எதிர்மறையே இல்லை, வினையும் பேசாமல் தன் இடத்திலேயே கிடக்கும்: 'இன் நோ டைம் ஹி வில் பீ ஹியர்'.

கடைசியாக 'அன்டில்', 'பை'. 'ஐ வோன்ட் ஃபினிஷ் பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்குள் முடியாது, அதற்கு மேல் எந்த வாக்கும் இல்லை. 'ஐ வோன்ட் ஃபினிஷ் அன்டில் ஃப்ரைடே' பார்க்க எதிர்மறை, உள்ளே வாக்குறுதி: வெள்ளிக்கிழமைதான் முடிப்பேன். நம் 'தான்' செய்கிற வேலையை ஆங்கிலத்தில் 'நாட்'டும் 'அன்டில்'லும் சேர்ந்து செய்கின்றன. இது தெரியாமல் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, 'வெள்ளி வரைக்கும் வரமாட்டேன், சனிக்கிழமை ஷிஃப்டுக்கு வந்துவிடுவேன்' என்று மனசில் வைத்துக்கொண்டு, பழைய பாடத்தை மறக்காமல் மிகப் பவ்யமாக 'ஐ வோன்ட் பீ கமிங் இன் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினேன். இந்த முறை மேலாளருக்குத் துளிக்கூட வருத்தமில்லை. வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு எனக்கு மீட்டிங் போட்டுவிட்டார்.