பேட்ச்எல்ஃப்: மாற்றச் சொன்னதை மாற்றும், நோய் என்னவென்று சொல்லாது

லினக்ஸில் பைனரி (இயங்கத் தயாரான நிரல் ஃபைல்) கண்ணெதிரே இருக்கிறது, இயக்க அனுமதியும் இருக்கிறது. ஓட்டினால் மட்டும் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று ஷெல் அடித்துச் சொல்கிறது. காணாமல் போனது அந்தப் பைனரி அல்ல, அதற்குள் முகவரியாக எழுதப்பட்டிருக்கும் டைனமிக் லோடர், அதாவது நிரல் தொடங்கும்போது அதற்கான லைப்ரரிகளை ஏற்றித் தரும் சிறு நிரல். உபுண்டுவில் கட்டிய நிரலை, ஜிலிப்சி என்ற அடிப்படை சி லைப்ரரி இல்லாமல், அதற்குப் பதிலான மசல் மட்டும் உள்ள ஆல்பைன் லினக்ஸில் போட்டால் பெரும்பாலும் இதுதான். பேஷ் ஷெல்லின் புதிய பதிப்புகள் 'தேவையான ஃபைல் கிடைக்கவில்லை' என்று கொஞ்சம் நேர்மையாகச் சொல்கின்றன.

அந்த முகவரியை மாற்ற உதவும் சிறு கருவிதான் பேட்ச்எல்ஃப். ஈல்கோ டோல்ஸ்ட்ரா நிக்ஸ் என்ற மென்பொருள் நிறுவல் திட்டத்துக்காக எழுதியது. இலவசம், ஜிபிஎல் உரிமம். டெபியன், ஃபெடோரா, ஆல்பைன் எல்லாவற்றின் களஞ்சியத்திலும் கிடைக்கும்.

கை வைக்கும் முன் ஃபைல் என்ன இனம் என்று பார்த்துவிட வேண்டும். 'ஃபைல்' கமாண்ட் போதும். அது இல்லாத கன்டெய்னரில் ஹெக்ஸில் முதல் 20 பைட்டைப் பாருங்கள். தொடக்கம் 7எஃப் 45 4சி 46 என்றால் எல்ஃப், அதாவது லினக்ஸ் பைனரிகளின் வடிவம். ஐந்தாவது பைட் 1 என்றால் 32 பிட், 2 என்றால் 64 பிட். பத்தொன்பதாவது 3இ என்றால் 64 பிட் இன்டெல் வகை, பி7 என்றால் 64 பிட் ஆர்ம். சிப் பொருந்தாத பைனரியைப் பேட்ச்எல்ஃபால் காப்பாற்ற முடியாது. கோ மொழியில் ஸ்டாட்டிக்காகக் கட்டியதிலும் வேலையில்லை, மாற்றுவதற்கு லோடர் முகவரியே அதில் கிடையாது. நம்பிக்கையில்லாத பைனரியை, தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கொண்டு ஆராயாதீர்கள், சில சூழலில் அது அந்த நிரலையே ஓட்டிவிடும். ரீட்எல்ஃப் வெறுமனே படிக்கும், ஆபத்தில்லை.

கருவியின் உண்மையான பலம் ஆர்பாத் (லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று பைனரிக்குள் எழுதிய பாதை) திருத்தத்தில் இருக்கிறது. இதே வேலைக்கான பழைய கருவி சிஆர்பாத்தில் புதிய பாதை பழையதன் நீளத்துக்குள் அடங்கியாக வேண்டும். பேட்ச்எல்ஃபுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, இடம் போதாவிட்டால் சரத்தொகுப்பை ஃபைலின் வேறு இடத்துக்கு நகர்த்திவிடும். விலை, ஃபைல் அளவு. நீளமான பாதையாக மாற்றி மாற்றிப் போட்டால் பருத்துக்கொண்டே போகும். ஆகவே ஒவ்வொரு முறையும் அசல் பிரதியிலிருந்தே தொடங்குங்கள். பைனரி இருக்கும் டைரக்டரியைக் குறிக்கும் டாலர் ஒரிஜின் எழுதும்போது ஒற்றை மேற்கோள் கட்டாயம். இரட்டை மேற்கோள் போட்டால் ஷெல் அதைத் தன் மாறி என்று எண்ணி விழுங்கிவிடும், கருவியும் மூச்சு விடாமல் அந்தச் சொல் விடுபட்ட பாதையை எழுதிவைக்கும்.

ஆர்பாத் அமை என்று சொன்னால் பேட்ச்எல்ஃப் எழுதுவது உண்மையில் ரன்பாத் என்ற இன்னொரு வகைப் பாதை. இரண்டும் ஒன்றல்ல. ரன்பாத் நேரடியாகத் தேவைப்படும் லைப்ரரிக்கு மட்டும் பொருந்தும், அந்த லைப்ரரி கேட்கும் அடுத்த லைப்ரரிக்குப் பொருந்தாது. ‘போட்டேன், பாதிதான் கிடைக்கிறது’ என்ற புலம்பலில் பெரும்பங்கு இதனால்தான். கட்டளையில் ஃபோர்ஸ்-ஆர்பாத் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் தீரும். கருவி இதை இன்னும் பளிச்சென்று எச்சரித்திருக்கலாம்.

ஜிலிப்சி சிக்கல் தனி. உபுண்டு 22.04-இல் (ஜிலிப்சி 2.35) கட்டியதை 20.04-இல் (ஜிலிப்சி 2.31) ஓட்டினால் பெரும்பாலும் 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்று நின்றுவிடும். புது ஜிலிப்சியைத் தனி டைரக்டரியில் வைத்து, லோடரையும் ஆர்பாத்தையும் சேர்த்தே அங்கே திருப்ப வேண்டும். ஆர்பாத்தை மட்டும் மாற்றினால் பழைய லோடர் புது லைப்ரரியோடு முட்டிக்கொண்டு தொடக்கத்திலேயே விழும்.

ஓடிக்கொண்டிருக்கும் பைனரியில் எழுதப் போனால் 'டெக்ஸ்ட் ஃபைல் பிஸி'. நகலெடுத்து, நகலைத் திருத்தி, அசலின் மேல் எம்வி கமாண்டால் நகர்த்துங்கள். ஸ்ட்ரிப் (ஓடத் தேவையில்லாத தகவல்களைப் பைனரியிலிருந்து நீக்குவது) செய்வதாக இருந்தால் பேட்ச்எல்ஃபுக்கு முன்பே. பின்னால் செய்து பைனரி உடைந்த கதைகள் பழைய பதிப்புகளில் நிறைய.

பைதான் வீல்களை (நிறுவல் பொதிகளை) சீர்செய்யும் ஆடிட்வீல் உள்ளுக்குள் இதைத்தான் அழைக்கிறது, அந்த அளவுக்கு நம்பலாம். மேக்கில் எல்ஃப் கிடையாது, அங்கே இந்த வேலைக்கு இன்ஸ்டால் நேம் டூல்தான். ஆப்பிள் சிலிக்கானில் திருத்தியதும் கோட்சைன் கொண்டு மறுபடி கையெழுத்திட மறந்தால், ஓட்டிய நொடியே கெர்னல் கொன்றுவிடலாம்.