பச்சை டிக்கை நம்பிய கதை

சிங்கப்பூர் தேக்காவில் டீ குடிக்கும்போது தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, நீங்க வச்சிருக்கிற மெயில் சர்வீஸ் விலை குறைஞ்சிருக்காமே, எடுக்கலாமா?" வாயில் வடை இருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை.

பலகார ஆர்டர் எடுக்கும் சின்னத் தொழில் எனக்கு. சொந்த டொமைனில் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) மூன்று வருடமாக இதே சேவைதான். வேகம், இடவசதி எதிலும் குறையில்லை. என் கோபமெல்லாம் அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பக்கமான பேனலில் உள்ள ஒரு பச்சை டிக் மேல்.

போன தீபாவளிக்கு முன் என் டொமைன் பெயரில் யாரோ போலி மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் பெயரில் வந்து சோதனையில் தோற்கும் மெயிலை என்ன செய்வது என்று பெறும் பக்கத்துக்குச் சொல்வது டிமார்க் கொள்கை. அதை 'நன்'னிலிருந்து (ஒன்றும் செய்யாதே) ஒரே தாவலாக 'ரிஜெக்ட்'டுக்கு (நிராகரி) மாற்றினேன். நடுவில் 'குவாரன்டைன்' (ஸ்பேமில் போடு) இருக்கிறது, அதில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அது என் அவசரம். ஆனால் மாற்றும் முன் பேனலைப் பார்த்தேனே! என் பெயரில் பில் அனுப்பும் இன்வாய்ஸ் மென்பொருளுக்கு நேராக 'எஸ்பிஎஃப் பாஸ்' (அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டு) என்று பச்சையாகச் சிரித்தது.

அப்புறம் ஒரு வாரம் ஜூரோங் ஆபீஸ்களிலிருந்து காசே வரவில்லை. போன் போட்டால், "இன்வாய்ஸே வரலையே!"

விஷயம் இதுதான். எஸ்பிஎஃப் சோதிப்பது, தபால் உறையின் பின்னால் எழுதுவது போல, மெயில் திரும்பினால் போகவேண்டிய முகவரியை. அது இன்வாய்ஸ் மென்பொருள்காரர்களுடையது, அதனால் பாஸ். வாடிக்கையாளர் பார்ப்பதோ என் பெயரை. எஸ்பிஎஃப், டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) இரண்டில் ஒன்றாவது பாஸாகி, அதன் டொமைன் என் டொமைனோடு பொருந்தவும் வேண்டும் என்கிறது டிமார்க். டிகிம் கையெழுத்தும் அவர்கள் பெயரில்தான் இருந்தது. மெயில் நிராகரிக்கப்பட்ட தகவலும் பின்பக்க முகவரிக்கே போகும் என்பதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

டொமைனின் விவரப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் இரண்டு வரி சேர்த்து, என் பெயரிலேயே டிகிம் கையெழுத்து போட வைத்தேன். பத்து நிமிட வேலை.

நியாயமாகச் சொன்னால், தினமும் வரும் டிமார்க் ரிப்போர்ட்டை (எக்ஸ்எம்எல் என்ற, படிக்கச் சிரமமான வடிவில் வரும்) இந்த மெயில் சேவைக்காரர்கள் அட்டவணையாக்கித் தருவது அருமை. எந்த ஐபியிலிருந்து எத்தனை போலி மெயில், எத்தனை தடுக்கப்பட்டது, எல்லாம் தெரியும். காலையில் காபியோடு அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். என் இன்வாய்ஸ் பொருந்தவில்லை என்பதும் அதில் இருந்திருக்கிறது, இரண்டாம் பக்கத்தில். முதல் பக்கத்தில் டிக்.

ஆகவே தம்பி, வேண்டாம், வேறு பாருங்கள். நான் போன மாதம்தான் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கட்டினேன், பழைய விலையில்.