எதையும் தவறவிடாத மின்னஞ்சல் காப்பகம்: நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பிறகு

வேறொரு நிறுவனத்தில் ஐடி பிரிவைக் கவனிக்கும் நண்பர், நாங்கள் பயன்படுத்தும் மின்னஞ்சல் காப்பக மென்பொருளை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அதைச் சில ஆண்டுகளாக நிர்வகித்து வருபவன் என்ற முறையில் அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து எழுதுகிறேன். சேமிப்பளவு, குறியாக்கம், உரிமக் கணக்கு ஆகியவை விற்பனையாளரின் கையேட்டிலேயே இருக்கின்றன. அவற்றில் எனக்குக் குறையும் இல்லை.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுகிறேன். அஞ்சல் சர்வரைக் கடக்கும்போதே ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு ஜர்னல் பிரதி, அதாவது காப்பகத்துக்கென்றே தனி நகல், எடுக்கப்படுவதால், பெற்றவர் அதை வந்த கையோடு அழித்துவிட்டாலும் காப்பகத்தில் அது இருக்கும். இரண்டு பேக்கப்புகளுக்கு இடையில் வந்து அழிந்த மின்னஞ்சல் பேக்கப்பில் சிக்காது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். ஜர்னல் பிரதியைத் திறந்தால், மூல மின்னஞ்சல் இணைப்பாகவும், அதற்கு மேலே அனுப்பியவர், பெற்றவர்கள், பிசிசியில் மறைந்திருந்தவர்கள் ஆகியோரின் பட்டியலும் இருக்கும். குழு முகவரிக்கு அனுப்பியிருந்தால், அன்றைக்கு அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பதும் பெயர் பெயராக விரிந்து நிற்கும். ஓர் ஒப்பந்தத் தகராறில் ‘அந்தக் கடிதம் எனக்கு வரவே இல்லை’ என்று எழுந்த வாதம், இந்தப் பட்டியலைக் காட்டியதும் அடங்கிவிட்டது.

என் பொறுமையைச் சோதிப்பது தேடல் திரை. தணிக்கையாளர் ஒரு விலைப்பட்டியல் எண்ணைத் தட்டினால், இணைப்புகளுக்குள் இருக்கும் எழுத்துகளையும் சேர்த்துத் துழாவி, அதே எண் தற்செயலாக இடம்பெற்ற யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. யாரும் சொடுக்காமலேயே அதன் முதல் சில வரிகள் முன்னோட்டக் கட்டத்தில் திறந்துகொள்கின்றன. மருத்துவ விடுப்புக்காக மனிதவளப் பிரிவுக்கு மட்டும் அனுப்பிய அறிக்கை அது. அனுப்பியவர் அதைத் ‘தனிப்பட்டது’ என்று குறித்துத்தான் அனுப்பியிருந்தார். அந்தக் குறியீடு மின்னஞ்சலின் தலைப்புப் பகுதியில் தனி வரியாகப் பதிவாகி, காப்பகத்திலும் சிதையாமல் பத்திரமாக இருக்கிறது. அதைப் படித்து அத்தகைய மின்னஞ்சல்களை முடிவுகளிலிருந்து ஒதுக்கி வைக்கும் வசதி மட்டும் தேடல் திரையில் கிடையாது. முன்னோட்டத்தை நிறுத்தலாம் என்றால், தன் பழைய மின்னஞ்சலைத் தேடும் சாதாரணப் பயனர் உட்பட எல்லோருக்குமாகச் சேர்த்துத்தான் நிறுத்த முடியும்.

பாதுகாத்து வைக்கும் கடமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனங்கள் தொழில் தொடர்பான கடிதப் போக்குவரத்தை மூன்று ஆண்டுகள், அவற்றுள் முதல் இரண்டு ஆண்டுகள் எளிதில் எடுக்கத்தக்க இடத்தில், வைத்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு விதி 17ஏ-4 சொல்கிறது. அதே நேரத்தில், 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, தனிநபர் தரவைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஊழியர் ஒருவரின் செய்திப் பரிமாற்றத்தை நிறுவனம் கண்காணித்தது பற்றிய பர்புலெஸ்கு வழக்கில், 2017இல், கண்காணிப்பின் தன்மையும் அளவும் ஊழியருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டனவா என்பதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் முக்கியக் கேள்வியாக எடுத்துக்கொண்டது. சேர்த்து வைப்பது ஒரு கேள்வி, சேர்த்ததை யார், எதற்காக, எவ்வளவு பார்க்கலாம் என்பது வேறு கேள்வி என்ற புரிதல் இவற்றில் இருக்கிறது. இந்த மென்பொருளை வடிவமைத்தவர்களிடம்தான் அது இல்லை.

யார் எதைத் தேடினார், எதைத் திறந்தார் என்ற பதிவேடு இருக்கிறதே என்று விற்பனையாளர் தரப்பு ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறது. உண்மைதான், அந்தப் பதிவேட்டை யாராலும் திருத்தவும் முடியாது. ஆனால் முன்னோட்டத்தில் தானாகத் தெரிந்தது அதில் ‘திறக்கப்பட்டது’ என்று ஏறுவதில்லை. அறிக்கையை அனுப்பிய ஊழியர் நாளை வந்து ‘இதை யார் பார்த்தார்கள்’ என்று கேட்டால், பதிவேட்டின்படி யாருமே பார்க்கவில்லை.

எங்கள் ஒப்பந்தத்தை இம்முறையும் புதுப்பித்துவிட்டோம். பிசிசி பட்டியலுக்காகவே நானும் அதற்கு ஒப்புதல் அளித்தேன். ஆயினும் நண்பரிடம் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்கியே தீர வேண்டிய கட்டாயம் இருந்தால், செயல்விளக்கத்தின்போது ‘தனிப்பட்டது’ என்று குறித்த ஒரு மின்னஞ்சலை அனுப்பச் செய்து, தணிக்கையாளர் கணக்கில் அதைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள் என்றேன்.