வகுப்பை முடித்ததற்கு ஒன்று, வேலை தெரிந்ததற்கு ஒன்று

வகுப்பை முடித்ததற்குத் தரும் தாள், வேலை தெரியும் என்பதற்குத் தரும் தாள்: தமிழில் இரண்டுக்கும் 'சான்றிதழ்' என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் சர்டிஃபிகேட், சர்டிஃபிகேஷன் என்று பிரித்திருக்கிறார்கள். அங்கும் பலர் மாற்றி மாற்றித்தான் சொல்கிறார்கள். விண்ணப்பங்களைப் பார்த்தால் தெரியும்: வார இறுதி வகுப்பில் கிடைத்த தாளும், பல ஆண்டு அனுபவம் காட்டிப் பெற்ற தகுதியும் ஒரே தலைப்பின் கீழ் தோளோடு தோள் நிற்கும்.

வேறுபாட்டைக் காண, திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. என்ற தொழில்முறைச் சான்று வசதியானது; அதில் இரண்டு தாளும் வருகின்றன. தேர்வுக்கு விண்ணப்பிப்பவர் பொதுவாக 35 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் பயிற்சி நிறுவனம் தருவது பயிற்சிச் சான்றிதழ். நான்காண்டுப் பட்டம் உள்ளவர் அதோடு 36 மாத அனுபவத்தையும் காட்டி, தேர்விலும் தேறினால் கிடைப்பது தொழில்முறைச் சான்று. பெயருக்குப் பின்னால் போடும் மூன்றெழுத்து இரண்டாவதற்கு மட்டுமே உரியது. முதல் தாள் கைக்கு வந்த அன்றே அந்த எழுத்துகளைப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. எல்லோரையும் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். சில பயிற்சி நிறுவனங்கள் தாளில் அந்த எழுத்துகளைத்தான் பெரிதாக அச்சிடுகின்றன.

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது கற்பித்தவரும் சோதித்தவரும் ஒருவரா என்பதை. பயிற்சிச் சான்றிதழில் பெரும்பாலும் ஒருவர்தான். கடைசியில் தேர்வு வைத்தாலும் அந்த வகுப்பில் சொன்னதைத்தான் கேட்பார்கள். அதில் தவறில்லை, வகுப்பின் வேலையே அதுதான். தொழில்முறைச் சான்று தொடங்கும் இடம் வேறு. அந்தத் தொழிலில் இருப்பவர் அன்றாடம் என்னென்ன செய்கிறார் என்று முதலில் ஆராய்ந்து, அதிலிருந்து கேள்விகளைத் தயாரிக்கிறார்கள். நீங்கள் எங்கே படித்தீர்கள் என்பது தேர்வுக்கு ஒரு பொருட்டே இல்லை. தேர்ச்சி மதிப்பெண்ணையும் மனம்போனபடி வைப்பதில்லை. அங்காஃப் முறை என்று ஒன்று உண்டு: குறைந்தபட்சத் தகுதி மட்டுமே உள்ள ஒருவர் இந்தக் கேள்விக்குச் சரியாக விடை சொல்ல எவ்வளவு வாய்ப்பு என்று வல்லுநர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பிடுவார்கள், தேர்ச்சிக் கோடு அதிலிருந்து பிறக்கும். ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கென்றே ஐஎஸ்ஓ/ஐஇசி 17024 என்ற உலகத் தரநிலையும் இருக்கிறது. பயிற்சியும் சான்றளிப்பும் ஒரே அமைப்பின் கையில் இருந்தால் நடுநிலை கெடும் என்பது அதன் முக்கியக் கவலைகளில் ஒன்று.

இன்னொரு வேறுபாடு காலாவதி. இன்ன தேதியில் இன்ன பாடத்தை முடித்தார் என்பது நடந்துபோன செய்தி. அதற்குக் காலாவதி கிடையாது, யாரும் திரும்பப் பெறவும் முடியாது. தொழில்முறைச் சான்று இன்றைய நிலையைச் சொல்வது. பி.எம்.பி. மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்கப்பட வேண்டும்; தகவல் பாதுகாப்புத் துறையின் சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற சான்று அதே மூன்றாண்டில் 120 கேட்கிறது. நெறிமுறை மீறினால் சான்றையே பறிக்கலாம். ஒருவரிடம் அது இன்றும் இருக்கிறதா என்று வழங்கிய அமைப்பிடமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இத்தனையும் சொன்னதால் பயிற்சிச் சான்றிதழ் மட்டம் என்று ஆகிவிடாது. புதிய கருவி ஒன்றைக் கற்க வேண்டியவருக்கு வகுப்புதான் தேவை. தேர்வு எதையும் கற்றுத்தராது. வேலை தெரிந்தும் அதை அந்நியரிடம் நிரூபிக்க முடியாமல் தவிப்பவர்தான் தொழில்முறைச் சான்றுக்குச் செலவு செய்யலாம். அந்தச் செலவும் தேர்வுக் கட்டணத்தோடு நிற்பதில்லை. புதுப்பிப்பு, பராமரிப்புக் கட்டணம் என்று வாடகை போலத் தொடரும்.

எல்லாவற்றையும் இப்படி இரண்டு பெட்டிக்குள் அடைத்துவிடவும் முடியாது. அமேசான் வெப் சர்வீசஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் தொழில்நுட்பத்துக்குத் தாங்களே தேர்வு நடத்துகின்றன. அவற்றுக்கும் காலாவதி உண்டு, ஆனால் அனுபவம் கட்டாயமில்லை. மாறாக, சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வில் தேறியும் வேண்டிய ஐந்தாண்டு அனுபவம் இல்லையென்றால் அந்தச் சான்று கிடைக்காது. அசோசியேட் என்ற பெயரோடு காத்திருக்க வேண்டியதுதான்.

பணம் கட்டுமுன், விளம்பரத்தில் 'சான்றிதழுடன் கூடிய பயிற்சி' என்றிருந்தால் பாடம் நடத்துவது யார், தேர்வு வைத்துச் சான்று தருவது யார் என்று இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் விடையாக வந்தால், நீங்கள் வாங்கப்போவது அநேகமாக ஒரு வகுப்பு. அதற்கேற்ற விலையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.