கிளிப் கழற்றிய பிறகு முகம் எப்படி வளரும்: அப்பா ஜாடையைப் பார்ப்பதா, எக்ஸ்ரேயைப் பார்ப்பதா?

பையனுக்கு 13 வயதில் கிளிப் கழற்றுகிறார்கள். பல் நேராகிவிட்டது. ஆனால் ஆண் பிள்ளைகளின் வளர்ச்சி உச்சத்துக்கு வருவதே 14 வயதை ஒட்டித்தான். பெண் பிள்ளைகளுக்கு 12. மேல்தாடை ஓய்ந்த பிறகும் கீழ்த்தாடை சில வருடம் நீளும். அது எந்தப் பக்கம் போகும் என்பதுதான் பெற்றோரின் கவலை.

முதலில் எல்லோரும் பார்ப்பது குடும்ப முகத்தை. "அப்பனை உரித்து வைத்திருக்கிறான்" என்கிறோமே, அதில் உண்மை இருக்கிறது. பல் வரிசையைவிடத் தாடை எலும்பில்தான் பரம்பரையின் பிடி அதிகம். ஆனாலும் முகம் ஒரே மரபணுவின் வேலை அல்ல. அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி வருகிறது. எந்தப் பாதி என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். தாடை நீளம் போன்ற ஓர் அளவு முழுக்கப் பரம்பரையால் அமைவது என்றே வைத்துக்கொண்டாலும், பிள்ளைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் கால் பங்கைத்தான் அப்பாவை மட்டும் வைத்துக் கணிக்க முடியும். அம்மாவையும் சேர்த்தால் பாதி. மீதிப் பாதி கைக்கு வராது.

ஒரே ஒரு விஷயத்தில் குடும்ப முகத்தைத்தான் முதலில் நம்புவேன்: கீழ்த்தாடை முன்னே தள்ளி நிற்பது. ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்து ஓவியங்களில் அந்தத் தாடை தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஸ்பெயினின் இரண்டாம் சார்லஸ் (1661–1700) வரை.

அடுத்தது, சராசரி வளர்ச்சியைக் கூட்டி வரைந்து காட்டும் மென்பொருள். சராசரியாக வளரும் பிள்ளைக்குச் சரி. நாம் கவலைப்படுவதோ அப்படி வளராத பிள்ளையைப் பற்றி.

மூன்றாவது, பிள்ளையின் சொந்த எக்ஸ்ரே. தலையைப் பக்கவாட்டில் ஒரே அளவில் படமெடுக்கும் முறையை 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியாக வெளியிட்டார்கள். அதே படத்தில் கழுத்தின் முள்ளெலும்புகளும் விழும். சின்னப் பிள்ளைக்கு அந்த எலும்புகளின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். வளர்ச்சி வேகமெடுக்கும்போது ஒவ்வொன்றாகக் குழியத் தொடங்கும். வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஓரளவு இதில் தெரியும். திசை தெரியாது.

திசைக்கு, ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் வேண்டும். மண்டை ஓட்டின் அடிப்பகுதியைப் பொருத்தி ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால், மோவாய் முன்னே வந்ததா, கீழே இறங்கியதா என்பது கோடாகவே தெரியும். டென்மார்க்கின் பல்சீரமைப்பு மருத்துவர் பியோர்க் 1950களில் பிள்ளைகளின் தாடையில் சின்ன உலோக ஊசிகளைப் பதித்துப் பார்த்தார். வளரும்போது தாடை சுழல்கிறது, மேற்பரப்பு தேய்ந்தும் படிந்தும் அந்தச் சுழற்சியை மறைத்துவிடுகிறது என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. கண்ணால் மட்டும் பார்த்துக் கணிப்பதை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

ஒன்று கவனிக்க வேண்டும். கிளிப் இருக்கும்போது தெரியும் மாற்றத்தில் சிகிச்சையும் கலந்திருக்கும். அதனால் கழற்றியவுடன் ஒன்று, அடுத்த வருடம் ஒன்று. அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டாம். தேவையில்லாமல் கதிர்வீச்சு எதற்கு? தாடை முன்னே வரும் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் போதும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அறுவை சிகிச்சை என்ற பேச்சு வந்தால், இரண்டு படங்களுக்கு இடையே மாற்றமே இல்லை என்று ஆகும்வரை பொறுக்க வேண்டும்.

குடும்பத்தில் யாருக்காவது அந்தத் தாடை இருந்தால், கிளிப் போடும் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தாத்தாவின் முகம் பக்கவாட்டில் தெரியும் பழைய போட்டோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.