திராட்சைக் கொடியை அகற்றவா, மாற்றி நடவா?

உபரி ஒயின் உற்பத்தியைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் ஒயின் சந்தையைச் சீர்திருத்தியபோது, திராட்சை விவசாயியின் முன் இரு உதவிகள் இருந்தன. ஒன்று, தோட்டத்தை நிரந்தரமாக அகற்றுவோருக்கு, அதன் முந்தைய விளைச்சலைப் பொறுத்து எக்டேர் கணக்கில் தரப்பட்ட மானியம். மூன்று பருவங்களில் 1,75,000 எக்டேரை அகற்றுவது இலக்கு. மற்றது, சந்தை கேட்கும் இரகங்களுக்கு மாறவும் தோட்டத்தைச் சீரமைத்து மறுநடவு செய்யவும் ஆகும் செலவில் பாதிவரை, பின்தங்கிய பகுதிகளில் 75 விழுக்காடுவரை ஏற்றது. வாரிசில்லாத முதியவருக்கு முன்னது பொருந்தியது. ஆனால் மீண்டும் திராட்சை நடும் உரிமையும் அதோடு போய்விட்டது. தொழிலில் நீடித்தவருக்குப் பின்னதே மேலாக இருந்தது. விந்தை என்னவெனில், சீரமைத்த தோட்டங்களில் விளைச்சல் கூடியதால், அகற்றலால் குறைந்த உற்பத்தி ஓரளவு திரும்பி வந்துவிட்டதை ஒன்றியத்தின் தணிக்கை மன்றமே 2012-இல் சுட்டிக்காட்டியது.